ஊர் மாறினால் வரி மாறுமா?



திருவொற்றியூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சில நாட்களுக்கு முன் என்னைக் காண வந்தார். இயந்திரத் தொழிலில் பட்டயம் பெற்றவர். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. விடைபெற வந்தவர் வாயிலில் சற்றே தயங்கி நின்று, "ஐயா, இனி நான் வரி கட்ட வேண்டியது தமிழ்நாட்டுக்கா, கர்நாடகத்துக்கா? அந்த ஊர்வாசி ஆகிவிட்டேன் என்று யாரிடமாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். அமெரிக்காவில் பணிபுரியும் அவருடைய ஒன்றுவிட்ட தமையனார், மாநிலம் மாறிய ஆண்டில் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியே கணக்குக் காட்டினாராம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு இந்தக் கவலை.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தாமே வருமான வரி விதிக்கின்றன. ஆகையால் ஒருவர் எம்மாநிலத்தில் வதிபவர் என்பது அங்கே பெரும் வழக்காகிவிடும். நியூயார்க் மாநிலத்தில், நிலையான இருப்பிடம் ஒன்று வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கியவரை அம்மாநிலத்தவராகவே கருதி வரி கேட்பார்கள். 1930ஆம் ஆண்டில் டாரன்ஸ் என்னும் பெருஞ்செல்வர் ஒருவர் இறந்தார். காம்பெல் சூப் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அவருக்கு நியூஜெர்சியில் ஒரு வீடு, பென்சில்வேனியாவில் ஒரு வீடு. அவர் எங்கள் குடி என்று இரு மாநிலங்களும் உரிமை கொண்டாடின. இரண்டின் நீதிமன்றங்களும் தத்தம் மாநிலத்துக்கே தீர்ப்பளித்தன. ஒவ்வொரு மாநிலமும் ஒரு கோடி டாலருக்கு மேல் மரண வரி வாங்கிற்று. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. இறந்த மனிதர் ஒருவரே; வாழ்ந்த ஊர் மட்டும் சட்டப்படி இரண்டாகிவிட்டது!

நம் நாட்டில் அத்தகைய வழக்கு வருமான வரியில் எழ இடமில்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் புரட்டினால் காரணம் விளங்கும். வேளாண்மை வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் 82ஆம் இனமாக வைக்கப்பட்டுள்ளது. எண்ணூரில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் விகிதம் ஒன்றே. நாம் பெங்களூருக்குப் போவதால் நம் வருமான வரி கர்நாடகத்தின் கருவூலத்துக்குப் போய்விடுவதும் இல்லை. வசூலான தொகையில் ஒரு பங்கை நிதி ஆணையம் வகுக்கும் முறைப்படி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2021 முதல் 2026 வரைக்கும் அப்பங்கு 41 விழுக்காடு என்று பதினைந்தாவது ஆணையம் வகுத்தது. பங்கீட்டுக்கு மக்கள்தொகை, பரப்பு, ஏழ்மை முதலியவை அளவுகோல்கள். வரி கட்டியவர் எத்தெருவில் குடியிருந்தார் என்பது அதில் இடம்பெறவில்லை.

வருமான வரிச் சட்டம் கேட்பது வேறு கேள்வி: இந்தியாவில் இருந்தாயா, வெளியே இருந்தாயா? ஓர் ஆண்டில் 182 நாட்கள் இந்நாட்டில் தங்கியவர் இங்கு வதிபவர் ஆவார். அதற்குக் குறைந்த நாட்களுக்கும் சில விதிகள் உண்டு. இராயபுரத்து மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கப்பலோட்டிகள் பலர் வாழ்கிறார்கள். கப்பற் பணியாளர் நாட்களை எண்ணுவதற்கென 2015ஆம் ஆண்டில் தனி விதி ஒன்று வகுக்கப்பட்டது. மாலுமியின் பணிப் பதிவேட்டில் கப்பலில் சேர்ந்த நாளும் இறங்கிய நாளும் குறிக்கப்பட்டிருக்கும். அயல்நாடு சென்று வரும் பயணமாயின், அந்நாட்கள் இந்தியாவில் தங்கிய கணக்கில் சேரா. ஆனால் பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி ஏற்றிவரும் கப்பலில் எட்டு மாதம் இருந்தவருக்கு அச்சலுகை இல்லை. அண்ணன் சிங்கப்பூர்க் கப்பலிலும் தம்பி நிலக்கரிக் கப்பலிலும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கினாலும், வரி அலுவலகத்தின் கண்ணுக்கு ஒருவர் வெளியே போனவர். மற்றவர் உள்ளேயே இருந்தவர்.

மாநிலம் மாறினால் மாறுகின்ற வரி ஒன்று உண்டு; அது தொழில் வரி. சிறிய தொகைதான். ஆயினும் இந்தப் பேச்சின் உயிர் அதிலேதான் இருக்கிறது.

தொழில் வரி நம் மண்ணில் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் என்னும் பெயர்களைக் காண்கிறோம். நெசவாளர் எங்கே பிறந்தார் என்று அவை கேட்கவில்லை. தறி எங்கே நிற்கிறதோ அங்கே இறை! இன்றைய தொழில் வரியும் ஏறக்குறைய அவ்வாறே வேலை செய்யும் இடத்தைப் பற்றி நிற்கிறது. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு இதற்கு இடமளித்து, கூடவே ஒரு வரம்பையும் கட்டியது. முதலில் ஆண்டுக்கு 250 ரூபாய். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 2,500 ஆயிற்று.

வடசென்னையில் இவ்வரியின் எல்லைக்கோட்டை ஒரு காலத்தில் நடந்தே கடக்கலாம். தண்டையார்ப்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலை வழியே டோல்கேட்டைத் தாண்டினால் திருவொற்றியூர் நகராட்சி. இன்னும் வடக்கே போனால் எண்ணூர்ப் பக்கத்தில் கத்திவாக்கம் நகராட்சி. இரண்டும் 2011ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன், இராயபுரத்தில் உறங்கித் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உழைத்தவருடைய தொழில் வரி திருவொற்றியூர்த் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பயன்பட்டது. பகலெல்லாம் அவர் நடந்த தெரு அதுதானே! டோல்கேட் என்ற பெயரே ஒரு பழைய வரியின் நினைவு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எண்ணூர், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் பலர். அவர்களுள் அரையாண்டு ஊதியம் வரம்பைக் கடந்தவர்களுக்கு முதலாளியே தொழில் வரியைப் பிடித்து மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டும். குடும்ப அட்டையோ வாக்காளர் பட்டியலோ இதற்குத் தேவையில்லை. ஊர்க்காரருக்கு விதித்த அதே விகிதம். வேற்று மாநிலத்தார் இந்நகருக்குப் பாரம் என்று பேசுவோர், அவர்களுடைய ஊதியச் சீட்டில் இருக்கும் இந்த ஒரு வரியைப் படித்துப் பார்த்ததில்லை போலும்.

குறையும் இல்லாமல் இல்லை. 2,500 ரூபாய் வரம்பு 1988ஆம் ஆண்டில் வகுத்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வரம்பு நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால் நடுத்தர ஊதியம் பெறும் எழுத்தரும் நிறுவனத் தலைவரும் ஏறத்தாழ ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். இது நேர்மை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த இளைஞரின் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் தொழில் வரி உள்ளாட்சிக்கு உரியது. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். கர்நாடகத்தில் அது மாநில அரசுக்கு உரியது, மாதந்தோறும் பிடிப்பார்கள். இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் பிடித்தபின் ஒருவர் ஜூலையில் அங்கே சேர்ந்தால், சில மாதங்களுக்கு இரண்டு இடத்திலும் பிடித்தது போல் ஆகும். 276ஆம் பிரிவின் வரம்பு ஒரு மாநிலத்துக்கோ ஓர் உள்ளாட்சிக்கோ செலுத்துவதற்கே பொருந்தும். இரு மாநிலத் தொகைகளைக் கூட்டிப் பார்க்க அதில் வழியில்லை. டெல்லியிலும் ஹரியானாவிலும் தொழில் வரியே கிடையாது. ஊர்வாசி என்று எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரம் எதுவும் இதில் இல்லை. வேலையில் சேர்ந்த நாளே சான்று.

"அப்படியானால் மோட்டார் சைக்கிள்?" என்றார் அவர். திருவொற்றியூரில் 1950களிலேயே தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் வண்டி அது, அவருக்கு உயிர். இங்கேதான் சட்டம் உண்மையாகவே மாதங்களை எண்ணுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்துப் பதிவெண் பெறவேண்டும். இங்குள்ள அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வரி செலுத்தி, இங்கே ஆயுட்காலத்துக்கென முன்பே கட்டியதில் எஞ்சிய காலத்தின் தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டும். வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆம் இனம் ஆதலால் இந்த அலைச்சல். அடிக்கடி ஊர் மாறும் அரசு ஊழியருக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியருக்கும் 2021ஆம் ஆண்டில் பாரத் வரிசைப் பதிவெண் ஏற்பட்டது. நம் இளைஞர் சேரும் பட்டறைக்கு இருப்பது ஒரே அலுவலகம்.

சற்று நேரம் யோசித்தார். வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இரயிலில் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.