இரும்பு தடுக்கும், கோடு தடுக்காது

(ஏற்காட்டில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியனுக்குப் பொறி வடிவமைப்பில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை உண்டு. ஓர் அறிவுத்துறைக்குத் தமிழிற் சொல் இல்லை என்று எவரேனும் கூறுவாராயின், அத்துறைக்குட் புகுந்து பொருளை அறிந்துவந்து விடையிறுத்தல் தமிழாசிரியன் கடமையாகும். பொருளறியாது சொல்லாக்குதல் அளவெடாது சட்டை தைப்பதை ஒக்கும். ஆகலின் முதலிற் பொருளைக் காண்போம். சொல்லைப் பின்னர்க் காண்போம்.

இற்றை நாளிற் பொறியாளர் பொறியின் உறுப்புகளைக் கணிப்பொறித் திரையில் வரைகின்றனர். வரைந்தவற்றைத் திரையிலேயே பூட்டியும் பார்க்கின்றனர். இங்குத்தான் ஓர் இடர் உளது. பட்டறையில் ஓர் இரும்புத் துண்டு இருக்குமிடத்தில் மற்றொன்றைச் செருக முயன்றால் இரும்பு தடுத்துவிடும். திரையில் உள்ளவையோ வெறுங் கோடுகளும் எண்களுமே. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் உடலுக்குட் புகுந்து நின்றாலும் திரை வாய்திறவாது. இரும்பு தடுக்கும், கோடு தடுக்காது. ஆகவே, எது எதற்குட் புகுந்துள்ளது என்று தேடிக் காட்டும் பணியைக் கணிப்பொறிக்குத் தனியே கற்பிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு உறுப்புகள் அடுத்தடுத்து அமையுங்கால் மூன்று நிலைகள் உண்டு. ஒன்று, இடையே வெளி இருத்தல். இரண்டு, ஒன்றையொன்று தொட்டு நிற்றல். மூன்று, ஒன்றனுள் ஒன்று புகுதல். இம்மூன்றும் நமக்குப் புதியன அல்ல. இம்மலையின் காப்பித் தோட்டங்களில் பழத்தோல் நீக்கும் பொறியைக் கண்டிருப்பீர்கள். சுழலும் உருளைக்கும் அதன் எதிரே நிற்கும் தகட்டுக்கும் இடையே உள்ள வெளி மிகின் தோல் போகாது. குறையின் கொட்டை நசுங்கும். அங்கே இடைவெளியே வேலை செய்கிறது. பழைய வீட்டுக் கதவின் குடுமி குழியில் தொட்டு நின்று சுழல்கிறது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லரோ, சக்கரத்தின் சுற்றளவினும் பட்டையின் உட்சுற்றளவைச் சற்றே குறைத்துச் செய்வார். நெருப்பிலிட்டு விரியச் செய்து பூட்டி, நீரூற்றிக் குளிரச் செய்வார். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றும். அளவை மட்டும் நோக்கின் மரம் இருக்கும் இடத்திற்குள் இரும்பு புகுந்திருக்கிறது. ஆயினும் அது பிழையன்று. அறிந்து செய்த அருந்திறன்.

இனிக் கணிப்பொறி இதனை எவ்வாறு தேடுகிறது? ஆயிரம் உறுப்புகள் உள்ள ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பையும் பிற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமாயின் 4,99,500 இணைகளைப் பார்த்தாக வேண்டும். அத்தனையையும் நுணுகி நோக்குதல் வீண். எனவே முதற்கண் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பெட்டிக்குள் அடைத்ததாகக் கொள்வர். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளுள் ஏதேனும் ஒன்றில் இரு பெட்டிகளும் விலகி நிற்குமாயின், அவ்விரண்டும் ஒன்றனுள் ஒன்று புகுந்திருக்க இயலாது. இந்த ஒரு வினாவிலேயே பெரும்பாலான இணைகள் கழிந்துபோகும். எஞ்சிய சிலவற்றை மட்டும் மேற்பரப்போடு மேற்பரப்பாக ஒப்பிட்டு, புகுந்த பகுதியின் கன அளவையும் கணித்துக் காட்டுவர். உமியை ஊதித் தள்ளிவிட்டு அரிசியிற் கல் பொறுக்கும் நம் தாய்மாரின் முறையே இது.

இம்முறையிலும் ஏமாற்றம் உண்டு. விரைவின் பொருட்டு வளைந்த பரப்புகளைச் சிறுசிறு தட்டைத் துண்டுகளாக மாற்றிக் கணிப்பது வழக்கம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையை 36 பக்கமுள்ள உருவாகக் கொண்டால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் மெய்யான வட்டத்தினின்று ஏறத்தாழ 0.095 மில்லிமீட்டர் உள்வாங்கும். அத்துளைக்குள் 49.94 மில்லிமீட்டர் தண்டு செல்ல வேண்டுமாயின், மெய்யான இடைவெளி ஒரு புறத்துக்கு 0.03 மில்லிமீட்டரே. ஆகவே, தடையின்றிச் சுழலும் தண்டைத் துளையின் சுவருக்குட் புகுந்துவிட்டதாகக் கணிப்பொறி கூவும். திருகாணியும் அவ்வாறே. புரிகளை வரையாது வெறும் உருளையாக வரைந்துவிட்டால், 10 மில்லிமீட்டர் ஆணி 8.5 மில்லிமீட்டர் துளைக்குட் புகுந்திருப்பதாகப் பிழை காட்டும். ஆகலின் கணிப்பொறி தருவது ஐயப்பட்டியலே. தீர்ப்பு வழங்குவது துறையறிந்த மாந்தன் கடன்.

இன்னொன்றும் உண்டு. நிற்கும்போது மோதாதவை இயங்கும்போது மோதும். சேலத்திலிருந்து இங்கு ஏறிவரும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பேருந்து வளைவிற் திரும்புங்கால் பின்னுருளிகள் முன்னுருளிகளின் தடத்திற் செல்லா. உட்புறமாக வெட்டிச் செல்லும். ஆகவே பேருந்தின் அகலத்தை மட்டும் அளந்து இரண்டு ஊர்திகள் கொள்ளும் என்று முடிவுகட்டினால் இடர் நேரும். திரும்பும் பேருந்து துடைத்துச் செல்லும் மொத்தப் பரப்பையும் அளக்க வேண்டும். பொறியின் கைகளையும் பல்லுருளிகளையும் அவ்வாறே அசைத்து, அவை கடந்து செல்லும் இடம் முழுவதையும் ஆராய வேண்டும்.

இதனைச் செவ்வனே செய்தார்க்கு விளைந்த பயனுக்குப் போயிங் 777 வானூர்தி சான்று. அதன் உறுப்புகளைக் கணிப்பொறியிலேயே முன்கூட்டிப் பூட்டிப் பார்த்தனர். 1994-இல் அது பறந்தது. செய்யத் தவறினார்க்கு நேர்ந்ததற்கு ஏர்பசு ஏ380 சான்று. ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கும் மேலான மின்வடங்களை உடைய அப்பேரூர்தியின் பகுதிகள் செருமனியின் ஆம்பர்க்கிலிருந்து பிரான்சின் துலூசு நகருக்கு வந்தபோது, வடங்கள் பல உரிய இடத்தை எட்டவில்லை. கேட்டியா என்னும் ஒரே மென்பொருளின் நான்காம் பதிப்பைச் செருமானியரும் இசுப்பானியரும் கையாள, ஐந்தாம் பதிப்பைப் பிரெஞ்சியரும் பிரித்தானியரும் கையாண்டனர். ஒருவர் படிவம் மற்றவர் படிவத்தோடு முழுதும் பொருந்தவில்லை. பொருந்தாமையைத் திரை காட்டவுமில்லை. 2010 வரையிலான ஈட்டத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று 2006-இல் அதன் தாய் நிறுவனமே கணித்தது. ஊர்தியும் ஏறத்தாழ ஈராண்டு தாழ்ந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். "தொழில்நுட்பம் உலகப் பொது, ஆகவே ஆங்கிலமே வேண்டும், தாய்மொழி புகுந்தால் குழப்பம் விளையும்" என்பார் நம்மிடையே உளர். ஏர்பசு பொறியாளர்க்குப் பொது மொழி ஆங்கிலமே. ஆங்கிலம் இருந்தும் வடம் எட்டவில்லையே! பொது அளவும் பொதுப் படிவமும் இல்லாமையன்றோ அங்கே கேடு செய்தது? அவை இரண்டும் இருப்பின், அவரவர் தம் தாய்மொழியிற் சிந்தித்தலால் ஒரு திருகாணியும் கழன்றுபோகாது.

குழப்பம் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. 'இண்டர்பியரன்சு' என்னும் ஒரே சொல் உறுப்புகள் தவறாகப் புகுவதையும் குறிக்கும். வண்டிப் பட்டைபோல் வேண்டுமென்றே இறுக்குவதையும் குறிக்கும். இயற்பியலில் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதையும் குறிக்கும். பொருள் விளங்காது அச்சொல்லை உருப்போட்ட சிற்றூர் மாணவன், பட்டியலில் அதனைக் கண்டவுடன் எல்லாம் பிழை என்று திருத்தப் புகுவான். இறுக வேண்டிய பொருத்தத்தைத் தளர்த்திவிடுவான். தளர்ந்த உருளி ஓடும்போது கழன்றால் தாக்குண்பது யார்? பொறியின் அருகே நிற்கும் தொழிலாளி அன்றோ?

தமிழிற் பிரித்துச் சொல்வோம். தவறாகப் புகுவது ஊடுபுகல். அறிந்து இறுக்குவது இறுக்கப் பொருத்தம். அலைகளின் கலப்புக்குப் பள்ளிப் பாடநூல் வழங்கும் குறுக்கீடு இருக்கவே இருக்கிறது. எஞ்சியவை இடைவெளி, தொடுகை. சொல்லைக் கேட்டவுடனே பொருள் விளங்குகிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகவில்லை.

இவ்வாறு பிரித்து நோக்கும் பயிற்சி நமக்கு இலக்கணத்திலேயே உண்டு. மணி, அடி என்னும் இரு சொற்கள் புணருங்கால் உயிரும் உயிரும் நேரே மோதாதவாறு யகரம் இடையே நின்று மணியடி என்றாகிறது. நாடு, இது என்பனவோ நாடிது என்றாகுங்கால் ஓருயிர் விலகி மற்றதற்கு இடந்தருகிறது. எங்கே இடை வேண்டும், எங்கே விலக வேண்டும், எங்கே இயல்பாக நிற்கலாம் என்று எழுத்தளவிலே வகுத்த மொழிக்கு, இரும்பின் புணர்ச்சியைச் சொல்லவா இயலாது?

மொழிஞாயிறு பாவாணர் பன்னீராண்டு தமிழ் கற்பித்த ஊர் இம்மலையடியில் உள்ள சேலம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் எந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியே கற்பிக்கத் தொடங்கியது. வாயில் திறந்தாயிற்று, உள்ளே செல்வார்க்கு நூல்கள் வேண்டும். பொறியியல் கற்ற இளைஞர்களே, உங்களுள் ஒவ்வொருவரும் தாம் நாளும் கையாளும் ஒரு மென்பொருளுக்குத் தமிழிற் கையேடு ஒன்று எழுதுங்கள். சொல்லில் ஐயம் எழுந்தால் தமிழாசிரியரை அணுகுங்கள். தமிழாசிரியர்களே, அவர்கள் வருமுன் நீங்கள் ஒருமுறை பட்டறைக்குச் சென்று வாருங்கள்.