பில் கேட்பதும் வரிச் சீர்திருத்தம்தான்!

(குடிமக்கள் சேவைகள் குறித்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரிச் சீர்திருத்தம், பன்னாட்டு ஒத்துழைப்பு என்றெல்லாம் சொன்னால், "இது அதிகாரிகள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று தோன்றும். ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா என்ற சிறிய நாட்டின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அரசு நிர்வாகமே குலைந்துபோனது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு உதவியை எதிர்பார்க்க வேண்டிய நிலை. அடுத்தவர் பணத்தில் எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும்?

அதனால் 1997-ல் வருவாய் ஆணையம் ஒன்றை அமைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதைக் கட்டி எழுப்பப் பிரிட்டன் நிதியும் பயிற்சியும் கொடுத்தது. அதன் முதல் தலைமை ஆணையர் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? கானா! அனுபவம் உள்ள இன்னொரு ஆப்பிரிக்க நாட்டிலிருந்தே ஆளை அழைத்துக்கொண்டார்கள். 2001-ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2013-ல் கடைகளுக்கு மின்னணு பில் இயந்திரம் வந்தது.

ஆனால் இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா? கடைக்காரர் பில் போட்டால்தானே கணக்கு பதிவாகும்! வாங்குபவர் கேட்காவிட்டால் அவர் ஏன் போடப்போகிறார்?

இதற்கு 2024-ல் ஒரு வழி செய்தார்கள். பில் கேட்டு வாங்கும் பொதுமக்களுக்கு, அந்த பில்லில் உள்ள வரியில் 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அங்கே வரி 18 சதவீதம். 1,000 பிராங்க் பொருளுக்கு 180 பிராங்க் வரி. அதில் 18 பிராங்க் வாங்கியவருக்கே வரும். முன்பதிவு செய்துகொண்டு, பில் போடும்போது செல்போன் நம்பரைச் சொன்னால் போதும்.

சரி, சில்லறைக் கடைக்கு இது சரிப்படும். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு? ஒரு நாட்டில் சம்பாதித்த லாபத்தை, வரி குறைவான இன்னொரு நாட்டுக் கிளையின் கணக்கில் காட்டிவிடலாம். அதைக் கண்டுபிடிக்கத் தனி அனுபவம் வேண்டும். இதற்காகவே 2015-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஓ.இ.சி.டி. அமைப்பும் சேர்ந்து 'எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அனுபவம் உள்ள நாட்டின் அதிகாரி, உள்ளூர் அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமான கோப்புகளை வைத்தே சொல்லிக்கொடுப்பார். 2021-ல் பூடானுக்கு இப்படிக் கைகொடுத்தது யார் தெரியுமா? நம்ம இந்தியாதான்.

ஆக, வெளிநாடு நிபுணரை அனுப்பும், இயந்திரம் கொடுக்கும், பயிற்சியும் தரும். கடையில் நின்று "பில் கொடுங்க" என்று கேட்பது மட்டும் அந்தந்த ஊர்க்காரர் வேலை. அதை வேறு யாரும் செய்து தர முடியாது.

நமக்கும் அதேதான். அடுத்த முறை பில் வாங்கும்போது அதிலுள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்க. உங்கள் செல்போனிலேயே ஜி.எஸ்.டி. இணையதளத்துக்குப் போய், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால், பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நீங்கள் கொடுத்த வரி அரசுக் கணக்கில் சேர வேண்டும் என்றால், அதற்கு முதல் சாட்சி உங்கள் கையில் இருக்கும் அந்த பில்தான்.