இரத்தம் நஞ்சாவது எங்ஙனம்?

 

"இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்று மருத்துவர் கூறக் கேட்டதும், பாம்போ பூச்சியோ தீண்டிற்றோ என நம்மில் பலர் மயங்குகின்றோம். அது வெளியிலிருந்து ஏறிய நஞ்சன்று. கிருமி உடலில் ஓரிடத்தில் புகுந்து பெருகுகின்றது. அதனை எதிர்த்து எழும் உடலின் காவல் ஆற்றலே எல்லை மீறி, சிறுநீரகம், நுரையீரல், மூளை முதலிய நம் சொந்த உறுப்புகளைச் சிதைக்கத் தொடங்குகின்றது. இதனை 'செப்சிஸ்' என்பர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் மரணங்கள் இதனோடு தொடர்புடையவை என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

நிமோனியா, சிறுநீர்த் தொற்று, வெடித்த குடல்வால், மகப்பேறு எனக் கிருமி புகும் வாயில்கள் பல. சிறு கீறலும் போதும். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணக்கூறாய்வின்போது விரலில் கத்தி பட்ட பேராசிரியர் கொலெச்கா மாண்டார். பிரசவத்திற்குப் பின் இறந்த பெண்களிடம் கண்ட அதே அடையாளங்களை அவருடலில் கண்ட நண்பர் செம்மல்வைஸ், மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். அவர் பணியாற்றிய பிரிவில் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் இரண்டாயிற்று.

நம்மிடையே அஞ்சத்தக்கது சர்க்கரை நோயாளியின் கால் புண். உணர்வு மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் வலிப்பதில்லை. வலியில்லாததால் எவரும் பார்ப்பதுமில்லை. சிலர் காப்பித்தூள் அப்புகின்றனர். "டி.டி. ஊசி போட்டாயிற்று" என்று அமைதி கொள்வோரும் உளர், அவ்வூசி காப்பது டெட்டனஸிலிருந்து மட்டுமே. ஒளுவின்போது கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகின்றோமல்லவா, அவ்வேளையில் உள்ளங்காலையும் பார்த்துவிடலாம். குனிய இயலாத முதியோர்க்குப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

காய்ச்சலும் நடுக்கமும், விரைந்த மூச்சு, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைதல், தோல் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியன அடையாளங்கள். முதியோர்க்குக் காய்ச்சலே இராமலும் போகலாம். திடீர்க் குழப்பம் ஒன்றே தென்படும். அதனை முதுமையின் மறதி என்று எண்ணிவிடுகின்றோம்.

இரவாயிற்றே, விடிந்தபின் பார்ப்போம் என்று காத்திராதீர்கள். நரம்பின் வழியே மருந்து ஏற வேண்டிய அவகாசம் மணிக்கணக்கில்தான் உள்ளது. எந்த நேரமாயினும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, புண் எப்போது வந்தது, சிறுநீர் கடைசியாக எப்போது கழிந்தது என்பவற்றைச் சொல்லுங்கள். "செப்சிஸாக இருக்குமோ?" என்று வாய்விட்டே கேளுங்கள்.