ஓடும் வீட்டுக்கு ஒரு தரிப்பிடம்

வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் பார்க்கப் புறப்படுவது மனிதரின் பழைய வழக்கம். வீட்டையே சக்கரங்களின்மீது ஏற்றிக்கொண்டு புறப்படுவது இக்காலத்து வழக்கம். மேனாடுகளில் இதற்கெனவே அமைக்கப்பட்ட மோட்டார் வண்டிகள் உள்ளன. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, மலசலகூடம் ஆகிய யாவும் ஒரு சிறு கூட்டினுள் அடங்கியிருக்கும். மோட்டர்ஹோம் என்று அங்குள்ளோர் அழைக்கும் இதனை வீட்டு வண்டி எனத் தமிழில் வழங்கலாம். இதில் செல்வோர் விடுதி தேடவேண்டியதில்லை, உணவுச்சாலை தேடவேண்டியதில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது உறங்கலாம் என்பதே இவ்வண்டியின் பெருங்கவர்ச்சி. ஆயினும், 'நினைத்த இடத்தில்' என்னும் அவ்விரு சொற்களிலேயே சிக்கல் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. வண்டி ஓடுவதற்கு வீதி உண்டு. நிற்பதற்கு இடம் உண்டா?

இவ்வினாவின் தன்மையை அறிவதற்கு ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கை தீவு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதன் பரப்பு 1,600 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட அது பெரியது. ஆனால், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ, ஸ்கை தீவில் வாழ்வோர் ஏறத்தாழப் பதினாயிரம் பேரே. கடல் கரையை அரித்து உள்ளே நெடுந்தூரம் புகுந்திருப்பதால், தீவின் எவ்விடத்தில் நின்றாலும் கடல் மிகத் தொலைவில் இராது. நடுவே கூலின் மலைகள் கருநிறக் கொடுமுடிகளாய் எழுந்து நிற்கின்றன. வடக்கே ஸ்டோர் மலைச் சாரலில் 'முதியவர்' என்று பெயர்பெற்ற கற்றூண் ஒன்று ஏறத்தாழ 50 மீற்றர் உயரத்துக்கு ஓங்கி நிற்கின்றது. கிளென் பிரிற்றில் பள்ளத்தாக்கில் 'தேவதைக் குளங்கள்' எனப்படும் தெளிந்த நீர்ச் சுனைகள் உள்ளன. இக்காட்சிகளை நாடி ஆண்டுதோறும் பல இலட்சம் உல்லாசப் பயணிகள் அங்கு செல்கின்றனர்.

முன்னாளில் அத்தீவை அடைவதற்குத் தோணியும் கப்பலுமே துணை. நம்மவர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலும் மட்டக்களப்பு வாவியிலும் 'பாதை' என்று வழங்கும் மிதவையைப் போன்று, வாகனங்களை ஏற்றிச் செல்லும் கலங்கள் அங்கும் இருந்தன. ஒரு தடவைக்கு இத்தனை வாகனமே ஏற்றலாம் என்ற வரம்பு, வருவோர் தொகைக்கும் ஒரு வரம்பாக அமைந்திருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. அதனைக் கடப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டணத்தைத் தீவு மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 2004 டிசெம்பரில் அக்கட்டணம் நீக்கப்பட்டது. மக்களுக்கு நன்மை பிறந்தது. நோயாளி நேரத்துக்கு மருத்துவமனை சேரவும், விளைபொருள் சந்தை சேரவும் வழி உண்டாயிற்று. அதே வழியாற்றான் வீட்டு வண்டிகளும் வரிசை வரிசையாக உள்ளே வந்தன. பாலம் அகலமானது, பாலத்துக்கு அப்பாலுள்ள கிராம வீதிகளோ பழைய வீதிகளாகவே இருந்தன.

அவ்வீதிகளின் இயல்பை விளக்குதல் வேண்டும். முதன்மை வீதியை விட்டு விலகினால், தீவின் வீதிகளுட் பல ஒரு வண்டி மாத்திரம் செல்லத்தக்க அகலமுடையவை. எதிரே வண்டி வரின் ஒதுங்குவதற்கென, இடையிடையே வீதியின் ஓரம் சிறிது அகலமாக்கப்பட்டிருக்கும். இவற்றை ஒதுங்கிடங்கள் எனலாம். இலங்கையிற் போலவே அங்கும் வண்டிகள் இடப்பக்கமாகவே செல்லும். ஒதுங்கிடம் இடப்புறத்தில் இருந்தால் அதனுட் புகுந்து நிற்கவேண்டும். வலப்புறத்தில் இருந்தால் அதற்கு நேர் எதிரே வீதியில் நின்று, வருபவர் அதனுட் புகுந்து செல்ல விடவேண்டும். ஒதுங்கிடத்தில் வண்டியைத் தரித்துவிட்டுச் செல்லலாகாது என்று பிரித்தானிய வீதி விதிக்கோவை தெளிவாகக் கூறுகின்றது. ஆனால், களைத்து வந்த பயணிக்கு அவ்விடம் கடலைப் பார்த்தபடி தனக்கென்றே அமைத்துவைத்த தரிப்பிடமாகத் தோன்றிவிடுகின்றது. அவர் அங்கே வண்டியை நிறுத்தித் தேநீர் காய்ச்சுகின்றார். பின்னால் வரும் பாடசாலை பஸ்ஸும், எதிரே வரும் ஆடு ஏற்றிய லொறியும் ஒன்றையொன்று கடக்க வழியின்றி நிற்கின்றன. இரண்டில் ஒன்று வளைவும் சரிவும் உள்ள வீதியிற் பின்னோக்கிச் செல்லவேண்டும். நோயாளியை ஏற்றவரும் வண்டிக்கு இந்நிலை நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வண்டியின் அளவும் சிக்கலுக்குக் காரணமாகின்றது. பிரித்தானியாவில் ஒரு மோட்டார் காருக்கென வகுக்கப்படும் தரிப்பிடம் பொதுவாக 4.8 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் அகலமும் உடையது. வீட்டு வண்டியோ பெரும்பாலும் 6 முதல் 7 மீற்றர் வரை நீளமுடையது. அகலம் கண்ணாடிகள் நீங்கலாகவே பெரும்பாலும் 2 மீற்றருக்கு மேற்படும். ஆகவே கோட்டுக்குள் நிறுத்தினாலும் அதன் வால் வெளியே நீண்டு மற்றவர் வழியை மறிக்கும். கதவைத் திறப்பதற்கும் இடம் இராது. குறுக்காக நிறுத்தினால் மூன்று காருக்குரிய இடத்தை ஒரு வண்டி விழுங்கிவிடும். சில தரிப்பிடங்களின் வாயிலிற் குறித்த உயரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நுழையாதவாறு குறுக்குச் சட்டம் போடப்பட்டிருக்கும். 3 மீற்றர் உயரமுள்ள வீட்டு வண்டி அங்கே வாயிலோடு திரும்பவேண்டியதுதான். வீதியின் ஓரத்திற் புல்வெளி பரந்து கிடக்கின்றதே, அதில் ஏற்றி நிறுத்தலாமே என்று எண்ணுவோரும் உளர். அந்நிலத்திற் பெரும்பகுதி மழைநீரில் ஊறிய தாவரச் சிதைவு மண். மேலே பச்சைப் புல், கீழே சேறு. 3 தொன்னுக்கு மேற்பட்ட பாரம் அதன்மீது ஏறினால், சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். வண்டியை இழுத்தெடுக்க அயலிலுள்ள விவசாயியின் உழவு இயந்திரமே வரவேண்டும். வீதியின் விளிம்பும் உடைந்துபோகும்.

பகற்பொழுதின் சிக்கல் இவ்வாறாக, இரவின் சிக்கல் வேறொரு வகையானது. ஸ்கை தீவு வடகோட்டில் மிகவும் உயர்ந்த பாகையில் இருப்பதால், ஜூன் மாதத்தில் இரவு பத்து மணியளவிலும் வெளிச்சம் நிலவும். பொழுது இருக்கின்றதே என்று பயணி மேலும் மேலும் செல்கின்றார். கடைசியிற் கூடாரத் திடல் ஒன்றை அடையும்போது, அங்கே இடம் இல்லை என்ற பலகை தொங்குகின்றது. அப்பொழுது அவர் வீதியோரத்தையோ, காட்சி பார்ப்பதற்காக அமைந்த தரிப்பிடத்தையோ இரவு தங்குமிடமாக்கிக்கொள்கின்றார்.

இதற்குச் சட்டம் இடந்தருகின்றது என்பது பயணிகள் பலரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை தவறானது. 2003 ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், மலையிலும் வெளியிலும் பொறுப்போடு நடந்து திரியவும், சிறு கூடாரம் அமைத்துத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை வழங்கியது. அது கால்நடையாகவும் துவிச்சக்கர வண்டியிலும் செல்வோருக்கு உரியது. மோட்டார் வாகனத்துக்கு அவ்வுரிமை இல்லை. 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வீதியை விட்டு நிலத்திற் செலுத்துவது குற்றமாகும். தரிப்பதற்காக வீதியிலிருந்து 15 யார் தூரம் வரை செல்வதை அச்சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. எனினும் அங்கே தரித்து நிற்கும் உரிமையையும் அது வழங்கவில்லை. குற்றம் அன்று என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராமையே பல பூசல்களுக்கு வித்தாகின்றது.

இரவு தங்கிய வண்டி காலையில் வெறுமனே போய்விடுவதில்லை. பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியிலும், மலசலகூடத்தின் கழிவு மற்றொரு கலத்திலும் சேர்ந்திருக்கும். இக்கலம் சில நாட்களில் நிறைந்துவிடும். அதை வெறுமையாக்குவதற்கென அமைந்த இடங்கள் கூடாரத் திடல்களில் உண்டு. திடலுக்கே செல்லாமற் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர், கழிவை ஓடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றிவிடுதலும் உண்டு. அந்த ஓடையில் ஆடு நீர் அருந்தும். அது கலக்கும் கடலில் மீனும் சிப்பியும் வாழும். ஒருவர் மிச்சம் பிடித்த சில பவுண் பணத்துக்கு ஒரு கிராமம் விலை கொடுக்கின்றது.

தீவு மக்களின் மனநிலையை விளங்கிக்கொள்வதற்கு அவர்களின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். அங்கு நிலம் என்பது வெறும் காட்சிப் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருநிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றினர். 1882 ஆம் ஆண்டு, போர்ட்ரீ நகருக்கு அணித்தான பிரேஸ் என்னும் பகுதியின் மக்கள், தம் மேய்ச்சல் நிலத்தை மீட்கக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்க கிளாஸ்கோவிலிருந்து பொலிஸார் வரவழைக்கப்பட்டனர். ஆண்களும் பெண்களும் கல்லும் தடியும் கொண்டு எதிர்த்து நின்றனர். அத்தகைய கிளர்ச்சிகளின் பயனாக 1886 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்து, சிறு குடியானவர்களுக்கு நிலையான குடியுரிமையை அளித்தது. இவ்வாறு போராடிப் பெற்ற மேய்ச்சல் வெளியில், முன்பின் அறியாத ஒருவர் கேட்காமலே வண்டியை ஏற்றி நிறுத்தும்போது, உள்ளூர் முதியவர் ஒருவரின் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆயினும் அம்மக்கள் விருந்தினரை வெறுப்பவர் அல்லர். தீவில் இன்று பலரின் வாழ்வு விடுதியையும் கடையையும் வழிகாட்டலையும் சார்ந்தே இருக்கின்றது. பயணிகள் வாராதுவிட்டால் இளைஞர் பிழைப்புத் தேடித் தீவை விட்டுச் செல்லவேண்டும். அளவுக்கு மீறி வந்தாலோ, வீதியும் நீரும் அமைதியும் கெடும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே அவர்கள்முன் உள்ள பணி.

2017 ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்கை தீவு நிரம்பி வழிகின்றது என்ற செய்தி பல நாட்டுப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஸ்கொட்லாந்து அரசாங்கம், கிராமப்புறங்களில் தரிப்பிடம், மலசலகூடம் முதலியவற்றை அமைப்பதற்கு 60 இலட்சம் பவுண் நிதியொன்றை அறிவித்தது. தேவதைக் குளங்களின் அருகில், முன்னர் ஒடுங்கிய வீதியின் ஓரமெங்கும் கார்கள் நெருங்கிக் கிடந்தன. பின்னர் அங்கே விரிவான கட்டணத் தரிப்பிடமும் கழிப்பறைகளும் அமைந்தன. 2024 ஆம் ஆண்டில் ஹைலண்ட் மாகாண மன்றம் வீட்டு வண்டிகளுக்கெனத் தன்விருப்பத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஏழு நாட்களுக்கு 40 பவுண் செலுத்துவோர் மன்றத்தின் தரிப்பிடங்கள் சிலவற்றில் தங்கவும், மன்றத்தோடு தொடர்புடைய விளையாட்டு மண்டபங்களில் நீராடவும் வகை செய்யப்பட்டது. கூடாரத் திடல் நடத்துவோர், தம் தொழிலுக்கு இது போட்டியாகும் என்று எதிர்த்தனர். அவர்களின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. திடலைப் பேணுவதற்குக் கூலியும் வரியும் கொடுப்பவர் அவர்களல்லவா?

அயலிலுள்ள ஹரிஸ் தீவில் மற்றொரு முறை கையாளப்பட்டது. அங்கே மேற்குக் கரை நிலத்தை 2010 ஆம் ஆண்டில் ஊர்மக்களின் பொறுப்புச் சபையே தனதாக்கிக்கொண்டது. கடற்கரையோரத்திற் சில இடங்களைக் குறித்து, ஓரிரவுக்குச் சிறு கட்டணம் பெற்று, அளவான தொகை வண்டிகளை மாத்திரம் அச்சபை அனுமதித்தது. இங்கே பணத்திலும் பெரியது, முடிவு செய்யும் அதிகாரம் ஊரவர் கையில் இருத்தலாகும். எந்த இடம் வண்டியைத் தாங்கும், எந்த இடம் ஆட்டுக்கு வேண்டும் என்பதை அவர்களிலும் நன்கு அறிந்தவர் யார்?

வீட்டு வண்டியிற் செல்வோரும் செய்யத்தக்கன உள. தங்கும் திடலை முன்னரே பதிவுசெய்து, மாலைக்குள் அங்கு சேருதல் வேண்டும். வண்டியின் நீளம், உயரம், பாரம் ஆகிய மூன்றையும் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். பெருங்கூட்டமுள்ள இடத்துக்கு அதிகாலையிலோ பிற்பகலிலோ செல்லலாம். அல்லது வண்டியைத் திடலிலேயே விட்டு பஸ்ஸிற் போகலாம். தரிப்பிடம் நிறைந்திருந்தால், அக்காட்சியைக் காணாது மேலே செல்லும் மனத்திண்மை வேண்டும். பயணத்திற் கடினமானது இந்த ஒன்றே. நெடுந்தொலைவு வந்துவிட்டோம் என்ற எண்ணம், நிறுத்தலாகாத இடத்திலும் நிறுத்தச் சொல்லும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதியோர் வாக்கு. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அது கூறுகின்றது. எங்கே தங்கலாம் என்பதை வீட்டாரே கூறவேண்டும். சக்கரத்தின்மீது வீட்டை ஏற்றிச் செல்பவர், தம் வீட்டைத் தாமே கொண்டுவருகின்றார். முற்றத்தை மாத்திரம் பிறரிடம் இரவல் கேட்கின்றார். இரவல் கேட்பவருக்குரிய பணிவு அவரிடம் இருக்குமாயின், ஒடுங்கிய வீதியிலும் இருவர் கடந்துசெல்ல இடம் உண்டாகும்.