ஆமை வரும் மாதத்தை அறிக்கையில் தேடுங்கள்

பங்குனி ஆமையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரிலேயே மாசம் இருக்கு. தை முதல் பங்குனி வரை ராத்திரியில நம்ம கடற்கரைக்கு வந்து, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை போல இட்டுட்டுத் திரும்பிடும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலி, யானையோட இந்த ஆமையும் இருக்கு.

இப்ப உங்க ஊர்ப் பக்கம் ஒரு துறைமுகம் வரப்போகுதுன்னு வெச்சுக்குவோம். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முதல்ல ஆய்வு அறிக்கை தயாரிக்கணும். ஆய்வுக் குழு ஆடி மாசம் வந்து கரையில நடந்தா என்ன தெரியும்? "ஆமை காணப்படவில்லை"ன்னு எழுதுவாங்க. பார்த்ததைத்தான் எழுதினாங்க, வந்த மாசம்தான் தப்பு. அந்த ஒரு வரியை நம்பி அனுமதி கொடுத்தா, நாளைக்குப் பொரிக்கிற குஞ்சுகள் துறைமுக விளக்கைப் பார்த்து, கடலை விட்டுட்டு எதிர்ப்பக்கம் நகரும்.

இதைத் திருத்தக்கூடியவங்க நீங்கதான். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னாடி நாளிதழ்ல அறிவிப்பு வரும். அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல கலெக்டர் ஆபீஸ்ல கிடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்துல போன்லயும் படிக்கலாம்.

படிக்கும்போது மூணு விஷயம் பாருங்க:

1. ஆய்வு எந்த மாசங்கள்ல நடந்தது?
2. உங்க ஊர்ல வழக்கமா பார்க்கிற உயிரினம் பட்டியல்ல விட்டுப்போயிருக்கா?
3. பாதிப்பைக் குறைக்க என்ன செய்வாங்கன்னு தெளிவா இருக்கா? "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்"னு மட்டும் இருந்தா போதாது.

மலையடிவாரத்துல சுரங்கம் வந்தாலும் இதே மூணு கேள்விதான்.

விட்டுப்போனதுக்கு ஆதாரம் வேணும். தேதி, இடம் பதிவாகிற மாதிரி போட்டோ எடுங்க. ராத்திரியில ஆமை மேல டார்ச், ஃபிளாஷ் அடிக்காதீங்க. விடிஞ்சதும் மணல்ல இருக்கிற தடத்தை எடுத்தாலே போதும்.

கூட்டத்துல பேசுங்க. வர முடியலைன்னா வாரியத்துக்கு எழுதி அனுப்புங்க. கூட்டம் முடியும்போது, பதிவான கருத்துகளைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும். அதுவரை கிளம்பாதீங்க. நீங்க சொன்னது அதுல வந்திருச்சுன்னா, நிறுவனம் இறுதி அறிக்கையில பதில் சொல்லியாகணும். தெரிஞ்சே தகவலை மறைச்சிருந்தா விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம்.

ஆமைக்கு மனு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும்.