வாய்பாடும் பாட்டும்: சிக்கனச் சண்டைப் படங்கள் தரும் மொழிப்பாடம்



மொழியியல் பயின்ற ஒருவன் சண்டைப் படங்களைப் பற்றிப் பேசுவது உங்களுள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயின், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சண்டைப் படமொன்றின் முதற்பத்து நிமிடங்களைப் பார்த்த எவரும் எஞ்சிய கதையைத் தாமே சொல்லிவிடுவர். ஓய்வுபெற்ற படைவீரன் ஒருவன் ஒதுங்கி வாழ்கிறான். பழைய மேலதிகாரி தேடி வந்து அழைக்கிறார், அவன் மறுக்கிறான். அவனுக்கு உற்றவர் ஒருவர் கடத்தப்படுகிறார். அவன் ஆயுதம் ஏந்துகிறான். தன் பிள்ளையின் புகைப்படத்தை எடுத்துக் காட்டும் தோழன் மறுநாளே மடிகிறான். இறுதிப் போர் கைவிடப்பட்ட தொழிற்சாலையில் நிகழ்கிறது. அடியாட்கள் முறை வைத்தாற்போல் ஒருவர்பின் ஒருவராக வந்து விழுகின்றனர். வில்லன் சுடுவதை விடுத்துத் தன் திட்டத்தை விளக்குகிறான். வெடிகுண்டின் கடிகாரம் கடைசி நொடியில் நிற்கிறது.

நாம் சிரிக்கிறோம். எனினும், இத்துணை ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று வினவுதல் தகும்.

விடையின் ஒரு பகுதி கணக்கேட்டில் உள்ளது. பாழடைந்த தொழிற்சாலைக்கு வாடகை குறைவு, உடைந்தால் கேட்பாரில்லை. இருபதுபேர் ஒருங்கே பாயும் சண்டையை அமைக்கப் பல நாள் ஒத்திகை வேண்டும்; ஒருவர்பின் ஒருவர் வந்தால் சில நாளில் முடியும். திட்டத்தைக் காட்டுவதைவிட வில்லனைக் கொண்டு சொல்லுவிப்பது மலிவு. 1980களில் ஒளிநாடாச் சந்தை பெருகியபோது இத்தகைய படங்களால் பெயர்பெற்ற கேனன் நிறுவனம், படம் எடுக்குமுன்னரே விளம்பரச் சுவரொட்டியைக் காட்டி உரிமையை விற்றுவந்தது. இல்லாத பொருளை வாங்குபவர்க்கு அது எப்படியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமன்றோ? அங்கே வாய்பாடே உறுதிமொழி ஆயிற்று. அந்நிறுவனம் சக் நோரிஸை நாயகனாக்கி அடுத்தடுத்து எடுத்த ‘மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்’ படங்கள் இரண்டனுள், இரண்டாவதாகத் திட்டமிட்டதே 1984-இல் முதலில் வெளிவந்தது. முதலாவது, முன்கதை என்னும் பெயரில் 1985-இல் வந்தது. வரிசை மாறியும் படங்கள் ஓடின.

விடையின் மறுபகுதி மொழியியலுக்கு உரியது. உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப், 1928-இல் வெளியிட்ட நூலில், மாயக்கதைகளின் நிகழ்வுகளை 31 செயற்கூறுகளாக வகுத்தார். எல்லாக் கூறுகளும் எல்லாக் கதையிலும் வாரா. ஆனால் வருவன பெரும்பாலும் வரிசை பிறழா. பாத்திரங்கள் மாறலாம், அவர்கள் ஆற்றும் செயல் மாறாது. வாக்கியத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடம் இருப்பதுபோல, கதைக்கும் இடங்கள் உள.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. தமிழில் ‘வாய்பாடு’ என்னும் சொல்லே யாப்பிலக்கணத்தில் வழங்குவது. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்பன வெற்றச்சுகள். எச்சொல்லை அதில் வார்ப்பது என்பது புலவன் உரிமை. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாகவே முடிதல் வேண்டும். திருக்குறளின் 1330 பாக்களும் அவ்வாறே முடிகின்றன. எனினும், ‘முடிவு முன்பே தெரிந்துவிட்டது’ என்று எவரும் குறளைக் குறை கூறுவதில்லை. பேராசிரியர் க. கைலாசபதியும், 1968-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளாகவே ஆராய்ந்தார். ஆகவே, முன்னறியத்தக்கதாய் இருத்தல் தன்னளவில் குற்றமாகாது.

குற்றம் எங்கே தொடங்குகிறது? இரண்டு சான்றுகளைப் பார்ப்போம்.

1980களில் ஹாங்காங் இயக்குநர் காட்ஃபிரே ஹோ, வேறு நாட்டுப் படங்களை வாங்கி, இடையிடையே நிஞ்ஜா சண்டைகளைச் செருகி, புதிய குரல்பதிவு செய்து புதுப்படமாக வெளியிட்டார். ‘நிஞ்ஜா டெர்மினேட்டர்’ என்னும் படத்தில், ஒரு படத்தின் நாயகன் மற்றொரு படத்தின் நாயகனுடன் தொலைபேசியில் உரையாடுகிறான். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. இடத்துக்குரிய சொல் எதுவாயினும் சரி என்று ஆனபின், வாக்கியம் இருக்கும், பொருள் இராது.

மற்றொன்று, 2011-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘தி ரெய்ட்’. அதுவும் சிறுமுதலீட்டுப் படமே. கருவுற்ற மனைவி, கொடியவர்பக்கம் இருக்கும் உடன்பிறந்தான், பாழடைந்த கட்டடம் என வாய்பாடு முழுமையாக உள்ளது. ஆனால், பகைவர் ஒருவர்பின் ஒருவராக வருவதற்கு அங்கே காரணம் உண்டு: அடுக்குமாடியின் நடைவழி குறுகியது. செலவின் நெருக்கடி கதையின் நெருக்கடியாகிவிட்டது. நாம் அறிந்த சிலாட் கலையின் ஒவ்வோர் அடியும் அந்த இடத்துக்கென்றே தேர்ந்ததாகத் தோன்றுகிறது. வாய்பாடு அதுவே, நிரப்பியவர் சிந்தித்து நிரப்பினார்.

ஆசிரியப் பெருமக்களே, இதனை நம் வகுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். நம் மாணவர் கட்டுரைகளில் கதிரவன் பொன்னொளி வீசி எழுகிறான். பறவைகள் இன்னிசை பாடுகின்றன. மகிழுந்து ஒன்று வாயுவேகத்தில் வருகிறது. மருத்துவ வண்டி அலறுகிறது. இறுதியில் ஒரு பழமொழி. எழுதிய பிள்ளை வாழ்வதோ அடுக்குமாடி வீட்டில். அவன் காலையில் கேட்பது மின்தூக்கியின் மணியோசையையும் மைனாக்களின் கூச்சலையும்தான். அவ்விரண்டும் கட்டுரையில் இல்லை. இரு படங்களை ஒட்டிய அந்தத் தொலைபேசிதான் நினைவுக்கு வருகிறது.

மனப்பாடத் தொடர்களை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் குறைந்துவரும் இச்சூழலில் அவை பிள்ளைக்கு ஊன்றுகோல். ஆயின், மொழி என்பது தேர்வு. மற்றொரு சொல்லையும் இட்டிருக்கலாம் என்னும் நிலையில்தான் இட்ட சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. தேர்வறைக்கு வெளியே தனக்கென ஒரு வாக்கியத்தைத் தமிழில் அமைக்க இயலாத பிள்ளைக்குத் தமிழ் ஒப்புவிக்கும் மொழியாக நிற்கும். பேசும் மொழியாக வளராது.

எனவே, ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். விடியற்காலை வருணனை அப்படியே இருக்கட்டும். அதில் ஓர் இடத்தை மட்டும் வெற்றிடமாக விடுங்கள். இன்று காலை மாணவர் தம் காதால் கேட்ட ஒன்றைக் கொண்டு அதனை நிரப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இரண்டு இடங்கள். மாணவர்களே, நீங்கள் அடுத்து ஒரு சண்டைப் படம் பார்க்கையில், தெரிந்த கதையில் தெரியாத ஒன்று எங்கே வருகிறது என்று தேடுங்கள். உங்கள் கட்டுரையிலும் அத்தகைய ஓர் இடம் இருக்கட்டும்.