குளவிக் கொட்டு: மலையில் முதல் அரை மணி நேரம்

(தோட்டக் கிளைத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த சுகாதார வகுப்பில் பேசப்பட்டது)



இன்றைய வகுப்பில் எதைப் பேசலாம் என்று கேட்டபோது, சீனி வருத்தம், பிரசர், இரத்தச் சோகை என்று பலர் சொன்னீர்கள். எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் அந்த வருத்தங்களுக்கு வைத்தியரைப் பார்க்க நாள் குறித்துப் போகலாம். குளவிக்கு அந்த அவகாசம் கிடையாது. "குளவி கொட்டி தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்ற செய்தியைப் படித்துப் படித்து, அது மழை பெய்த செய்தி மாதிரி நமக்கே பழகிப்போய்விட்டது. அதனால்தான் இதை முதலில் எடுத்துக்கொண்டோம்.

குளவி என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பூச்சிகளை. ஒன்று சிங்களத்தில் பம்பரா என்கிறார்களே, அந்தப் பெரிய மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலும் கற்பாறையிலும், சில நேரம் ஸ்டோர் கூரையின் விளிம்பிலும், ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தபடி தொங்கவிடும். அடை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். அதன் மேல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் போர்வை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். மற்றது தெபரா. இதுதான் சரியான குளவி. கறுப்பு உடம்பில் வயிற்றைச் சுற்றி மஞ்சள் பட்டி. மரத்தைச் சுரண்டி மென்று கடதாசி மாதிரி கூடு கட்டும். மரத்திலும் கட்டும், காடாகிக் கிடக்கிற தேயிலைச் செடிக்குள்ளும் கட்டும்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பெரிய பயன் இருக்கிறது. தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள் மாதிரி எதிர்முள் உண்டு. கொட்டியதும் கொடுக்கு நம் தோலிலேயே சிக்கிக்கொள்ளும், நஞ்சுப் பையும் அதோடு பிய்ந்து வந்துவிடும். தேனீ செத்துப்போகும். ஆனால் அந்தப் பை துடித்துத் துடித்து இன்னும் நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே கொடுக்கைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளுவதா என்று யோசித்து நிற்க வேண்டாம். எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு விரைவில் எடுத்தோம் என்பதுதான் முக்கியம். தெபராவின் கொடுக்கு வழுவழுப்பானது. தோலில் தங்காது, ஒன்றே பல தடவை கொட்டும்.

இன்னொன்று. தேனீ கொட்டும்போது கொடுக்கின் அடியில் இருந்து ஒரு வாசனை வெளியே வரும். வாழைப்பழ வாடை மாதிரி இருக்கும் என்பார்கள். அது மற்றத் தேனீக்களுக்கு 'எதிரி இங்கே' என்று சொல்லும் செய்தி. ஒரு கொட்டு விழுந்த இடத்தில் பத்து விழுவது இதனால்தான். கொட்டு வாங்கியவர் அதே இடத்தில் நின்று கையை வீசினால் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. தலையையும் முகத்தையும் நோக்கித்தான் அவை வரும். நம் மூச்சுக் காற்றும் கறுப்பு நிறமும் அசைவும் அவற்றை இழுக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? கூடையை அந்த இடத்திலேயே போடுங்கள். கொழுந்து போனால் போகட்டும். கொங்காணியோ படங்கோ, கையில் உள்ளதால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, மலையை விட்டு வெளியேறுங்கள். கதவு மூடக்கூடிய இடம் நல்லது: கொழுந்து மடுவம், லயம், லொறி. கானுக்குள் படுத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை. தண்ணீரில் குதிப்பதும் வேண்டாம். தேனீ மேலே காத்திருக்கும், நாம் மூச்செடுக்க வந்தே ஆக வேண்டும். ஒருவருக்குக் கொட்டினால் அந்த மலையில் நிற்கும் எல்லோரும் வெளியேற வேண்டும். "அந்தப் பக்கம்தானே, நீங்க எடுங்க" என்று எந்தக் கங்காணி சொன்னாலும் கேட்க வேண்டாம். விழுந்தவரைத் தூக்கப் போகிறவர் தன் உடம்பை முதலில் மூடிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் தூக்க வேண்டியவர் இரண்டு பேராகிவிடுவார்கள்.

இனி உடம்புக்குள் நடப்பது. இதை ஆறுதலாகக் கேளுங்கள்.

குளவிக் கொட்டில் சாவு இரண்டு வழியாக வரும். முதலாவது ஒவ்வாமை. சிலருடைய உடம்பு அந்த நஞ்சுக்கு அளவுக்கு மீறி எதிர்ப்புக் காட்டும். அவர்களுக்கு ஒரே ஒரு கொட்டு போதும். சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீக்கம், குரல் கம்முதல், மூச்சு இழுத்தல், வாந்தி, தலை சுற்றி மயங்குதல். இரத்த அழுத்தம் கீழே விழுந்துவிடும். போன முறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் இல்லை. முந்திய கொட்டில்தான் உடம்பு அந்த நஞ்சைப் பழகி வைத்திருக்கும், அடுத்ததில் பொங்கும்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும், விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கும். பிரிட்டோன் குளிசை அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. சுண்ணாம்பு தடவுகிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. நஞ்சு தோலுக்கு உள்ளே போய்விட்டது, சுண்ணாம்பு தோலுக்கு மேலே நிற்கிறது. அதைத் தேடி லயத்துக்கு ஓடுகிற நேரத்தில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம். அதற்குக் காசு இல்லை. மயக்கம் வருகிறவரை எழுப்பி நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறவர் என்றால் சாய்ந்து உட்காரட்டும்.

இரண்டாவது வழி நஞ்சின் அளவு. ஒவ்வாமை இல்லாதவருக்கும் நிறையக் கொட்டு விழுந்தால், நஞ்சு தசையையும் இரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். உடைந்த கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இது உடனே தெரியாது. மாலையில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு வந்தவருக்கு மறுநாள் சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும், அல்லது குறைந்துபோகும். அப்படிக் கண்டால் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியும் வரலாம்.

இத்தனையும் கேட்ட பிறகு, எல்லாக் கூட்டையும் கொளுத்திவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். முதலாவது ஆபத்து, கொளுத்துகிறவருக்குத்தான். இரண்டாவது, இந்தப் பூச்சிகள் செய்கிற வேலையை நாம் செய்ய முடியாது. லயத்துப் பக்கம் நாம் போடுகிற பூசணியும் பாகலும் காய்க்கப் பூவுக்குப் பூ தேனீ போக வேண்டும். தெபரா தன் குஞ்சுகளுக்குப் புழுக்களைப் பிடித்துக் கொடுக்கும். தேயிலையே ஒரு குளவியால் பிழைத்த கதை உண்டு. கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்னும் புழு ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களை நாசமாக்கியது. அதன் உடம்பிலேயே முட்டையிடுகிற ஒரு சின்னக் குளவியை 1935-36இல் ஜாவாவில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள். மனிதரைக் கொட்டாத ஜாதி அது. புழு அடங்கியது. பிறகு 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். அந்தச் சின்னக் குளவியும் செத்தது, அடங்கியிருந்த புழு திரும்பிப் பெருகியது. ஆகவே கூடு இருக்கட்டும். நாம் கேட்பது, கூடு இருக்கிற மரத்தின் கீழ் எங்களைக் கொழுந்து பறிக்க அனுப்பாதே என்பதைத்தான்.

மலைத்தேனீ இடம் மாறிப் போகும் ஜாதி. பூ முடிந்தால் அடையை விட்டுவிட்டுக் கூட்டமாகப் பறந்துபோகும். யூக்கலிப்டஸ் போன்ற மரங்கள் பூக்கும் காலத்தில் திரும்பி வரும், பெரும்பாலும் பழைய மரத்துக்கே. இது நமக்குச் சாதகமான விடயம். எந்த மரத்தில் கூடு கட்டும் என்பது கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு நிர்வாகத்தைவிட நன்றாகத் தெரியும். அந்த மரங்களுக்கு அடையாளம் போட்டு, காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கும்போதே எந்த மலையில் கூடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அடையின் மேல் அலை அலையாக ஒரு நெளிவு ஓடுவதைப் பார்த்தால் தேனீ காவலில் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் போக வேண்டாம். தேன் பருந்து அடையில் மோதினாலும், பெருங்காற்றில் கிளை முறிந்தாலும், பிள்ளைகள் கல்லெறிந்தாலும் கிளம்பும். அகற்றியே ஆக வேண்டிய கூடு என்றால், அது இரவில், உடுப்பும் பழக்கமும் உள்ளவர்கள் செய்கிற வேலை. ஒரு போத்தலைக் காட்டி நம் பையன்களை மரத்தில் ஏற்றுகிற வேலை இல்லை.

கவ்வாத்தும் புல் வெட்டும் இல்லாமல் விட்ட மலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செடி ஆள் உயரம் போனால் உள்ளே தெபரா கூடு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனிகள் விட்ட மலையில் அந்தச் செலவை நம் பெண்கள் கட்டுகிறார்கள். சீகிரியாவில் மலைத்தேனீ கிளம்பினால் சுற்றுலாப் பயணிகள் ஒதுங்க வலைக்கூடு வைத்திருக்கிறார்கள். நல்லது, இருக்கட்டும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது இருக்கிறதென்றால், நாள் முழுக்க மரத்தடியில் நிற்கிறவருக்கு முகவலை கேட்பது பேராசையா?

ஆகவே ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அதில் இவை இருக்கட்டும்: டிஸ்பென்சரியில் காலாவதியாகாத அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்தவரும் வேலை நேரம் முழுக்க இருக்க வேண்டும். கூடு உள்ள மலையின் பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். குளவி கிளம்பி மலையை விட்டு வந்தவர்களுக்கு அரைப் பேர் போடாமல் முழுப் பேர் போட வேண்டும். நோயாளியை ஏற்ற எந்த வாகனம், யார் சாரதி என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். கொழுந்து லொறி கொழுந்து இறக்கிவிட்டு வரும்வரை ஆள் காத்திருக்கக் கூடாது.

வேலையில் இருக்கும்போது கொட்டியது வேலைக் காயம்தான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது வேலையால் நேர்கிற விபத்துக்கு நட்டஈடு கேட்க வழி வைத்திருக்கிறது. அதற்குச் சான்று வேண்டும். கொட்டிய அன்றே எந்த மலை, எத்தனை மணி, யார் யார் நின்றார்கள் என்பதைத் தலைவர் எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். வைத்தியசாலைத் துண்டில் 'குளவிக் கொட்டு, வேலைத்தளத்தில்' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். துண்டைத் தொலைக்காதீர்கள்.

கடித மாதிரி மேசையில் இருக்கிறது. தேநீருக்கு எழுந்திருக்கும் முன் கிளைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களின் பட்டியலை மாதர் சங்கத் தலைவிகள் எழுதட்டும். கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள்.